பாடசாலைச் சாப்பாடு: தட்டுக் கணக்கைப் பார்ப்பது யார்?



இம்முறை படிப்புப் பகுதியில் பாடசாலைச் சாப்பாட்டுக் கணக்கைப் பற்றி எழுதுகிறோம். சாப்பாடு ருசியா, பருப்பு தண்ணியா என்று லயத்துக்கு லயம் பேச்சு இருக்கிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கான காசு எங்கிருந்து வருகிறது, எந்தெந்தக் கையைத் தாண்டி வருகிறது, அதை எண்ணிப் பார்ப்பது யார் என்று கேட்டால், "அது அதிபர் ஐயாமார் விசயம்" என்று தாய்மார் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகக் கூடாது. கொழுந்து நிறுக்கும்போது தராசை எட்டிப் பார்க்காத ஆள் நம்மில் யார்? அரைக் கிலோ குறைந்தால் அன்றைக்கு எவ்வளவு சத்தம் போடுகிறோம்! பிள்ளையின் தட்டும் ஒரு நிறுவைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்தச் சாப்பாடு யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் தர்மம் இல்லை. அது அரசாங்கப் பணம். அரசாங்கப் பணம் என்றால் வரிப்பணம். நீங்கள் கடையில் வாங்கும் சாமானில், பஸ் ஓடும் டீசலில் எல்லாவற்றிலும் வரி ஏறித்தான் வருகிறது. ஆகவே கணக்குக் கேட்பவர் நன்றி கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

எங்கள் நாட்டில் பாடசாலைச் சாப்பாடு புதிது அல்ல. பாடசாலையில் பனிஸ் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது போசாக்குத் திட்டத்தின் கீழ் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாடு கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும் சமைப்பது அந்த ஊர் ஆட்கள், பல இடங்களில் பிள்ளைகளின் தாய்மாரே. ஒரு தட்டுக்கு இவ்வளவு ரூபா என்று சுற்றறிக்கையில் தொகை இருக்கும். சமைத்தவர் முதலில் தன் கைக்காசைப் போட்டோ, கடையில் கடன் சொல்லியோ அரிசி, பருப்பு, மரக்கறி, முட்டை வாங்கிச் சமைக்கிறார். அதிபர் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதி ஒப்பமிடுகிறார். அந்தக் கணக்கு வலயக் கல்விப் பணிமனைக்குப் போகிறது. அங்கிருந்து காசு வருகிறது.

இந்த வழியில் எல்லாம் தொங்கி நிற்பது ஒரே ஓர் எண்ணிக்கையில். இன்று எத்தனை தலை?

தலைக்காசு என்ற பழைய சங்கதி

தலை எண்ணிக் காசு கொடுக்கும் முறை தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. பெரிய கங்காணி காலத்தில், வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. பென்ஸ் காசு என்பார்கள். தலை கூடினால் காசு கூடும். அப்படியென்றால் செக்ரோலில் யாருடைய பேர் விழுகிறது, யாருடைய பேர் விழவில்லை, யாருக்கு அரைப்பேர் என்பதை வெள்ளைக்காரத் துரை ஏன் அத்தனை கவனமாகப் பார்த்தான் என்று புரிகிறது அல்லவா? அவன் பார்த்தது தன் காசுக்காக. நாம் பார்க்க வேண்டியது நம் பிள்ளைக்காக.

ஒரு கணக்கைப் பழகிப் பார்ப்போம். எண்கள் எல்லாம் பழகுவதற்காக நாங்கள் வைத்தவை. ஆரம்பப் பிரிவு இடாப்பில் 120 பிள்ளைகள். ஒரு தட்டுக்கு 100 ரூபா. சம்பளத்துக்கு அடுத்த நாள், அல்லது மாரியம்மன் திருவிழா வாரம், அல்லது கொட்டும் மழை. பாடசாலைக்கு வந்தது 84 பிள்ளைகள். ஆனால் தாளில் 120 என்று விழுந்தால், வராத 36 தட்டுக்கும் காசு போகிறது. ஒரு நாளைக்கு 3,600 ரூபா. இப்படி 20 நாள் என்றால் 72,000 ரூபா. ஒரு சின்னத் தோட்டப் பாடசாலையில்! இதுபோல நாடு முழுக்க எத்தனை பாடசாலை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதிலே அவசரப்பட்டு யாரையும் கள்ளன் என்று சொல்லிவிடக் கூடாது. சமைக்கிற அம்மா காலை நாலு மணிக்கு எழும்பி அரிசி போடுகிறார். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று அவருக்கு அப்போது எப்படித் தெரியும்? 120 பேருக்குச் சமைத்து, 84 பேர்தான் வந்தார்கள் என்றால் மிச்சச் சோற்றின் நட்டம் யாருக்கு? அந்த நட்டத்தை அவர் தலையில் கட்டினால் அடுத்த நாள் பருப்பில் தண்ணீர் கூடும். மனுசருக்கு வேறு வழி இல்லை. அதனால்தான் பல இடங்களில் அதிபரும் சமைப்பவரும் பேசி ஒரு எண்ணிக்கையை எழுதிவிடுகிறார்கள். முதலில் இரக்கத்தில் தொடங்குகிறது. பழகிப்போனால் பிறகு எது இரக்கம், எது களவு என்று அவர்களுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. முதல்நாள் வரவைப் பார்த்துச் சமைப்பது, திருவிழா நாளை முன்கூட்டியே சொல்வது, காலையில் இடாப்பு அடைத்தவுடன் தொகையைக் குசினிக்கு அனுப்புவது, இவ்வளவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தியாவில் கண்டது

நம்மில் பலருக்கு நீலகிரியிலும் கோத்தகிரியிலும் உறவுகள் உண்டு. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் அங்கே சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில், 1956 இல், மதிய உணவு பரவலாகத் தொடங்கியது. எம்.ஜி.ஆர். அதை 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டமாக விரித்தார். சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று ஆட்களைப் போட்டார்கள். வாத்தியார் பாடத்தை விட்டுவிட்டுப் பருப்பு எண்ணாமல் இருக்க இது ஒரு நல்ல ஏற்பாடு என்பது எங்கள் எண்ணம்.

பிறகு இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஒரு கட்டளை போட்டது. அரசாங்கப் பாடசாலைகளிலும் அரச உதவி பெறும் பாடசாலைகளிலும் படிக்கும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுக்க வேண்டும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், வருடத்தில் 200 நாளாவது கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. கட்டளை வந்தது, காசும் வந்தது. கணக்கு?

2015 ஆம் ஆண்டு இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. கணக்காய்வாளர்கள் பாடசாலைகளுக்கு நேரில் போய், அன்றைக்கு உண்மையில் சாப்பிட்ட பிள்ளைகளை எண்ணினார்கள். மாநிலங்கள் தாளில் காட்டிய விகிதத்தை விட அது குறைவாக இருந்தது. சாப்பிடும் பிள்ளைகளின் தொகையைக் கூட்டிக் காட்டுவது ஒரு வழக்கமாகவே ஊறிப்போயிருக்கிறது என்ற கருத்தில் அந்த அறிக்கை எழுதியது. பாருங்கள், அவர்கள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. போனார்கள், எண்ணினார்கள். அதை எந்தத் தாயும் செய்யலாம்.

உத்தரப் பிரதேசத்தில் 2010 இல் ஒரு கெட்டிக்கார முறை கொண்டுவந்தார்கள். பாடசாலை ஆசிரியருக்கு இயந்திரம் ஒவ்வொரு பாடசாலை நாளும் டெலிபோன் அடிக்கும். இன்று எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்று கேட்கும். அவர் எண்ணை அழுத்த வேண்டும். மாத முடிவில் குந்தியிருந்து முழு மாதத்துக்கும் ஒரே பேனையால், ஒரே மையில் எழுதும் வேலை அத்தோடு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் பொய் எண்ணை டெலிபோனிலும் அழுத்தலாம்தானே. கருவி ஒரு அளவுக்குத்தான்.

காசு மட்டும் போனால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரன் மாவட்டத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மொனோகுரோட்டோபோஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. மருந்து அடிக்கும் வேலை நமக்குத் தெரியும். வெறுங்கலனைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று நாங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்றால் இதற்காகத்தான். எண்ணெய் எங்கே வாங்கியது, எதில் வைத்தது, யார் பார்த்தது என்ற கேள்விகள் காசுக் கணக்கும்தான், உயிர்க் கணக்கும்தான். 2015 இல் அங்கே வந்த மதிய உணவு விதிகள், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கின்றன. பாடசாலை முகாமைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் அப்படி ருசி பார்க்கலாம். சாப்பாடு கொடுக்காமல் விட்டால் பிள்ளைக்கு அதற்கு ஈடான தானியமும் காசும் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இந்தக் கடைசி விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. கொடுக்காத சாப்பாடு அப்படியே காற்றில் கரைந்துவிடக் கூடாது.

பணக்கார நாட்டிலும்

இந்த வேலையெல்லாம் ஏழை நாட்டில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1946 முதல் தேசியப் பாடசாலை மதிய உணவுச் சட்டம் இருக்கிறது. அங்கே பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வரிசை முடிவைத் தாண்டும் இடத்தில்தான் எண்ண வேண்டும், காலையில் வகுப்பில் கை தூக்கச் சொல்லி எண்ணுவது செல்லாது. அன்றைக்குக் கேட்கும் தட்டுக் கணக்கை வரவுக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதை எடுத்துக் கூரைக்குத் தகரம் போட முடியாது. மூன்று மாதச் செலவுக்கு மேல் காசைச் சும்மா குவித்து வைக்கவும் கூடாது. பிள்ளைக்குக் கொடுக்க வந்த காசு பிள்ளைக்கே போக வேண்டும் என்பதற்காக.

இவ்வளவு சட்டம் இருந்தும் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடியிருந்ததால், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை வெளியிடங்களில் கொடுக்கலாம் என்று விதிகளைத் தளர்த்தினார்கள். நேரில் போய்ப் பார்ப்பதும் குறைந்தது. 'பீடிங் அவர் பியூச்சர்' என்ற ஒரு தொண்டு அமைப்பின் கீழ் ஏராளமான இடங்கள் பதிவாகின. சின்னச் சின்ன இடங்கள் நாளைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்ததாகக் கணக்கு அனுப்பின. பிள்ளைகளின் பேர்ப் பட்டியலும் கூடவே வந்தது. அதில் சில பேர்கள், சும்மா பேர்களை உண்டாக்கித் தரும் ஒரு கணினிப் பக்கத்திலிருந்து எடுத்தவை என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது! 2022 செப்டெம்பரில் 47 பேர் மீது வழக்குப் போட்டார்கள். தொகை 25 கோடி டொலர். அமைப்பின் தலைவியை 2025 மார்ச்சில் ஜூரி குற்றவாளி என்று கண்டது. காசு காருக்கும் வீட்டுக்கும் போயிருந்தது.

மாநிலக் கல்வித் திணைக்களத்துக்கு இது தெரியாமல் இல்லை, சந்தேகம் வந்தது. நிறுத்தப் பார்த்தபோது அந்த அமைப்பு நீதிமன்றம் போனது. ஆனாலும் அறிகுறிகளைக் கண்டும் திணைக்களம் தன் கையில் இருந்த அதிகாரத்தைச் சரியாகப் பாவிக்கவில்லை என்று மாநிலச் சட்டசபையின் கணக்காய்வு அலுவலகம் 2024 ஜூனில் எழுதியது. ஆள் போய்ப் பார்க்காத இடத்தில் தாள் எதையும் சொல்லும்.

எங்கள் நாட்டில் யார் யார் பார்க்கிறார்கள்

முதலில் அதிபர். பிறகு கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்விப் பணிமனை. நுவரெலியா மாவட்டத்தில் என்றால் நுவரெலியா, ஹற்றன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று வலயங்கள் இருக்கின்றன. உங்கள் பாடசாலை எந்த வலயம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் சுத்தத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கலாம், அதற்கு 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையையும் அவர் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருக்கிறார். அவர் அமைச்சருக்குக் கீழே உள்ள உத்தியோகத்தர் அல்ல. அரசியலமைப்பே அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. மாகாண சபைப் பாடசாலைக் காசும் அவர் கணக்காய்வுக்குள் வரும். அவர் அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகும், அங்கே அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு அதிகாரிகளை வரவழைத்துக் கேட்கும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, அரசாங்கத்துக்கு நட்டம் வைத்த உத்தியோகத்தரிடம் அந்தக் காசை அறவிடவும் வழி இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு கணக்காய்வாளர் மண் ரோட்டில் ஏறி மேல் டிவிசன் பாடசாலைக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருவார்? ஒவ்வொரு நாளும் அங்கே இருப்பது பிள்ளையும் பெற்றோரும்தான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோருக்கான இடம். கூட்டம் வைத்தால் அரைநாள் பேர் போய்விடும் என்று நம் ஆட்கள் போவதில்லை. உண்மைதான், அரைப்பேர் இழப்பது சின்னக் காரியம் அல்ல. அதனால் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ஆளாவது முறை வைத்துப் போகலாம். போய், குற்றம் சொல்லாமல், மூன்று விசயத்தைக் கேளுங்கள். போன மாதம் ஒவ்வொரு நாளும் வரவு எவ்வளவு, தட்டு எவ்வளவு? ஒரு தட்டுக்கு வரும் தொகையும் கொடுக்க வேண்டிய சாப்பாட்டு அட்டவணையும் எங்கே தொங்கவிட்டிருக்கிறது? சமைத்தவருக்கு எந்த மாதம் வரை காசு வந்திருக்கிறது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சமைக்கும் தாய்மாருக்குக் காசு மாதக்கணக்கில் பிந்தினால் கடைக்காரர் கடன் நிறுத்துவார், முட்டை நிற்கும், பிறகு சாப்பாடே நிற்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுத்துவிடும். கொஞ்ச நாளில் பாடசாலைக்கும் வராது. 2022 இல் சாமான் விலை ஏறிய நேரம் ஒரு தட்டின் காசு அரிசிக்கே பத்தாமல் போனதை நாம் கண்டோம். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவரின் கணக்கைப் பார்ப்பது மட்டும் மேற்பார்வை ஆகாது. மேலே இருந்து வர வேண்டிய காசு வந்ததா என்று கீழே இருந்து கேட்பதும் அதே மேற்பார்வைதான். சமைத்த அம்மாவைச் சந்தேகக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அவருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று கேளுங்கள்.

எழுதிக் கேட்கும் உரிமை

கூட்டத்தில் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. இந்நாட்டுப் பிரஜை யாரும் கேட்கலாம். பிரஜை என்ற சொல்லுக்காக நம் ஆட்கள் 1948 முதல் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு, மிச்சமாக விடுபட்டிருந்தவர்களுக்கும் அந்த உரிமை வந்தது. வந்த உரிமையை அடையாள அட்டையாகப் பெட்டியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது தகவல் அதிகாரியின் கடமை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் இதற்கென நியமித்த மேலதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"ஐயா, எழுதினா பிள்ளையை வகுப்பில ஒதுக்கிடுவாங்களே" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அந்தப் பயத்தை நாங்கள் சின்னதாக நினைக்கவில்லை. அதனால்தான் முதலில் சங்கக் கூட்டம் என்று சொன்னோம். எழுதுவதென்றாலும் கடிதத்தைப் பாடசாலைக்குக் கொடுக்காமல் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பலாம், பாடசாலைக்குப் பிள்ளை அனுப்பாத ஒருவரும் எழுதலாம். தாத்தாவோ சித்தப்பாவோ எழுதட்டும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"தகவல் அதிகாரி அவர்களுக்கு, வலயக் கல்விப் பணிமனை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பின்வரும் தகவல்களைக் கேட்கிறேன். எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் கடந்த மூன்று மாதங்களில் நாள்தோறும் வந்த பிள்ளைகளின் தொகை, நாள்தோறும் கொடுத்ததாகக் கணக்கு அனுப்பிய சாப்பாட்டின் தொகை, ஒரு சாப்பாட்டுக்கு அனுமதித்த தொகை, சமைத்தவருக்குக் காசு கொடுத்த திகதிகளும் தொகையும், இன்னும் கொடுக்காத பாக்கி."

பாடசாலையின் பேர், உங்கள் பேர், விலாசம், திகதி, ஒப்பம். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் போடுங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு வாங்குங்கள். 14 வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்து எண்ண வேண்டும். எழுதுவதில் உதவி தேவையானால் ஆபீஸ் நாட்களில் எங்களிடம் வாருங்கள், பேனையும் தாளும் இருக்கிறது.